ஏஸ்-கிங் தோற்றது இருக்கட்டும், அதற்கு முந்தைய ஒன்பது கைகளில் என்ன நடந்தது?

நவம்பர் 8, சனி

போக்கர் ஆட்டம் பற்றி வந்த ஒரு கேள்வியை வந்தபடியே போடுகிறேன். கேட்டவர் கோவைக்காரர், பெயர் வேண்டாம் என்றார்.

"ஒன்பது பேர் ஆடும் ஒற்றை டேபிள் டோர்னமென்ட், இலவச சிப். மூன்று பேர் மிச்சம். என்னிடம் ஏஸ்-கிங், ஆல்-இன் போட்டேன். ஒருத்தன் ஏஸ்-ஜாக்கை வைத்துக்கொண்டு கால் பண்ணினான். ரிவரில் ஜாக். இது எனக்கு அடிக்கடி நடக்கிறது, சாஃப்ட்வேரிலேயே ஏதோ இருக்கிறது. இல்லை என்றால் நான் என்ன தப்பு செய்தேன், சொல்லுங்கள்."

புதியவர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன்: ஒரு முறை சீட்டுப் பகிர்ந்து ஆடி முடிப்பது ஒரு கை. ஆளுக்கு இரண்டு மறைசீட்டு, நடுவே எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு, அதில் முதல் மூன்று ஃப்ளாப், கடைசி ரிவர். ஆல்-இன் என்றால் இருக்கும் சிப் முழுவதையும் பந்தயம் வைப்பது, கால் என்றால் அதற்கு ஈடாகப் போடுவது, ஃபோல்ட் என்றால் சீட்டைப் போட்டுவிட்டு விலகுவது.

அந்தக் கையில் நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. ஏஸ்-கிங்கும் ஏஸ்-ஜாக்கும் மோதினால் ஏறக்குறைய நாலில் மூன்று முறை ஏஸ்-கிங் ஜெயிக்கும், மிச்ச ஒரு முறை தோற்கும். ரிவர் வரும்போது பார்க்காத சீட்டு 44, அதில் ஜாக் மூன்றுதான், அதனால் அந்தக் கடைசிச் சீட்டு மட்டும் கண்ணில் நிற்கிறது. ஆனால் உங்கள் சிப் உள்ளே போனது ரிவரில் இல்லை, ஃப்ளாப்புக்கு முன்னாலேயே போய்விட்டது. அந்த நேரத்துக் கணக்கு நாலில் ஒன்று, அவ்வளவுதான்.

வெளியேறிய கையை மட்டும் அனுப்பினால் எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. முழு ஹேண்ட் ஹிஸ்டரியை, அதாவது ஒவ்வொரு கையும் எப்படி நடந்தது என்று பதிவான கோப்பை, அனுப்புங்கள், முதல் கையிலிருந்து. நாலு பேர் இருந்த கட்டத்திலிருந்து மூன்று பேர் ஆன பிறகு வரைக்கும் ஒரு கை கூட விடுபடக் கூடாது.

நவம்பர் 8, இரவு

சாஃப்ட்வேர் விஷயத்தைத் தனியாகப் பேச வேண்டும், ஏனென்றால் இந்தச் சந்தேகம் முழுக்க ஆதாரமில்லாதது இல்லை. 1999ல் ஒரு போக்கர் மென்பொருளின் சீட்டுக் கலைப்பைச் சில கணினிப் பாதுகாப்பு வல்லுநர்கள் பிரித்துப் பார்த்தார்கள். கலைப்புக்கான விதை எண் நள்ளிரவிலிருந்து எத்தனை மில்லி விநாடி கழிந்தது என்பதிலிருந்து எடுக்கப்பட்டிருந்தது. ஒரு நாளில் இருப்பதே 8 கோடியே 64 லட்சம் மில்லி விநாடி, ஆகவே அத்தனை வகைக் கட்டுகள்தான் வர முடியும். 52 சீட்டை உண்மையில் எத்தனை விதமாக அடுக்கலாம் என்பது 68 இலக்க எண். சர்வர் கடிகாரத்தோடு தங்கள் கடிகாரத்தை ஒத்து வைத்து, தங்கள் சீட்டையும் ஃப்ளாப்பையும் கொடுத்தால், இனி வரப்போகும் சீட்டை அவர்களால் முன்கூட்டியே சொல்ல முடிந்தது.

அப்புறம் 2007ல் அப்சொல்யூட் போக்கர். அங்கே சீட்டுக் கலைப்பில் கோளாறு இல்லை, உள்ளிருந்த ஒரு கணக்கால் எல்லோருடைய மறைசீட்டையும் பார்க்க முடிந்தது. எப்படி வெளியே வந்தது? ஒரு டோர்னமென்டில் இரண்டாவதாக வந்தவர் ஹேண்ட் ஹிஸ்டரியைக் கேட்டார், அவருக்கு வந்த கோப்பில் எல்லோருடைய சீட்டும் இருந்தது. ஆட்டக்காரர்கள் உட்கார்ந்து கை கையாகப் படித்தார்கள். எதிராளியிடம் நல்ல சீட்டு இருக்கும்போதெல்லாம் ஃபோல்ட், இல்லாதபோதெல்லாம் அடி, ஆட்டம் முழுக்க இதே கதை.

இதை ஏன் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன் என்றால், நடந்த மோசடியும் ஹேண்ட் ஹிஸ்டரியை வரி வரியாகப் படித்தபோதுதான் பிடிபட்டது. "எனக்கு அடிக்கடி ரிவரில் போகிறது" என்ற உணர்வு அதற்குப் போதாது. நேரில் ஒரு டேபிளில் மணிக்கு 25, 30 கை ஆடலாம். ஆன்லைனில் அதன் இரண்டு மடங்குக்கு மேல், இரண்டு டேபிள் திறந்தால் இன்னும் அதிகம். வயிற்றெரிச்சல் கைகளும் அதே வேகத்தில்தானே வரும்.

நவம்பர் 9, ஞாயிறு

கோப்பு வந்தது, நன்றி. பெரும்பாலானவர்கள் தோற்ற கையை அனுப்பிவிட்டு மிச்சத்தை மறைப்பார்கள், இவர் எல்லாவற்றையும் அனுப்பியிருக்கிறார்.

அமைப்பு: ஆளுக்கு 1500 சிப்பில் தொடக்கம், மொத்தம் 13,500. ஆன்டி (ஒவ்வொரு கையிலும் எல்லோரும் போடும் கட்டாயத் தொகை) கிடையாது. முதல் மூன்று இடத்துக்கு 50, 30, 20 சதவீதம். நாலு பேர் மிச்சம் இருந்தபோது நாலு பேரிடமும் கிட்டத்தட்ட 3375. பிளைண்ட், அதாவது சீட்டுப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாகப் போடும் தொகை, 125/250. சின்னது ஸ்மால் பிளைண்ட், பெரியது பிக் பிளைண்ட். ஆளுக்கு 13, 14 பிக் பிளைண்ட்.

அப்போது ஸ்மால் பிளைண்டில் இருந்தவர் ஆல்-இன். இவர் பிக் பிளைண்டில் ஏஸ்-10, வேறு வேறு நிறம். கால் பண்ணினார். எதிரே கிங்-9. ஏஸ் நின்றது, சிப் இரட்டிப்பாகி 6750, பரிசு உறுதி. இந்தக் கைக்குப் பக்கத்தில் அவரே எழுதியிருக்கிறார், "என் சிறந்த கால்" என்று.

என் பார்வையில் அந்த டோர்னமென்டின் மிகப் பெரிய தவறு இதுதான்.

நவம்பர் 9, மாலை

கோபம் வரும் என்று தெரியும், வந்துவிட்டது. "ஜெயித்த கையைத் தப்பு என்கிறீர்கள், தோற்ற கையைச் சரி என்கிறீர்கள்." ஆமாம். கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன், நீங்களே சொல்லுங்கள்.

நாலு பேரிடமும் சமமான சிப் என்றால் ஒவ்வொருவரின் பங்கும் பரிசுத் தொகையில் 25 சதவீதம். கால் பண்ணித் தோற்றால் பூஜ்யம். ஜெயித்தால் உங்களிடம் பாதி சிப், மற்ற இருவரிடமும் கால்வாசி கால்வாசி. முதல் இடம் வர வாய்ப்பு 50 சதவீதம், இரண்டாம் இடம் 33 சொச்சம், மூன்றாம் இடம் 17க்குச் சற்றுக் குறைவு. 50, 30, 20 என்று பெருக்கிக் கூட்டினால் 38.3.

சிப் இரட்டிப்பானது. பரிசுப் பங்கு 25லிருந்து 38.3க்குத்தான் போனது, 50க்குப் போகவில்லை. 25ஐ 38.3ஆல் வகுத்தால் 65 சதவீதம். அதாவது நூற்றுக்கு 65 தடவை ஜெயிக்கும் கையாக இருந்தால்தான் இந்த இடத்தில் கால் பண்ணுவதில் நஷ்டமில்லை. சிப்பைப் பரிசுப் பங்காக மாற்றிப் பார்க்கும் இந்தக் கணக்குக்கு ஐசிஎம் என்று பெயர். குதிரைப் பந்தயத்துக்காக ஹார்வில் 1973ல் எழுதிய சூத்திரத்தை மேசன் மல்மூத் 1987ல் போக்கருக்குக் கொண்டுவந்தார்.

இப்போது ஏஸ்-10ஐப் பாருங்கள். எதிராளி சீட்டையே பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு ஆல்-இன் போட்டாலும் அது ஜெயிப்பது சுமார் 63 சதவீதம்.

"எதிரே கிங்-9தானே, நான்தானே முன்னிலை" என்பதற்கும் பதில்: கால் பட்டனை அழுத்தும்போது அந்தக் கிங்-9 உங்களுக்குத் தெரியாது. தெரிந்த பிறகு வரும் நியாயத்தை அந்த நிமிடத்து முடிவுக்குச் சேர்க்க முடியாது.

நவம்பர் 10

ஒரு வாசகர் கேட்டது சரியான கேள்வி: பிக் பிளைண்டாக ஏற்கெனவே போட்ட 250ஐ எங்கே சேர்த்தீர்கள்? நேற்றைய கணக்கில் சேரவில்லை, எளிமையாக இருக்கட்டும் என்று விட்டிருந்தேன். சேர்த்தால் இப்படி வரும். ஃபோல்ட் பண்ணினால் உங்களிடம் 3375 இல்லை, 3125தான். அதன் பங்கு 24க்குக் கொஞ்சம் கீழே. அதை 38.3ஆல் வகுத்தால் 62 சதவீதம். ஆக, எல்லை 65 இல்லை, 62. அப்படிப் பார்த்தால் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பவனுக்கு எதிரே ஏஸ்-10 நூலிழையில் தேறிவிடும்.

அப்படி அடிக்கும் ஆள்தானா அந்த ஸ்மால் பிளைண்ட்காரர், அதுதான் இப்போது கேள்வி.

நவம்பர் 10, பிறகு

"இலவச சிப் டேபிளில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டுதான் அடிக்கிறார்கள்" என்று மூன்று பேர் எழுதிவிட்டீர்கள். பொதுவாக உண்மைதான். காசு போகாத இடத்தில் 7-2ஐ வைத்துக்கொண்டு ஆல்-இன் போடுகிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன். அதனால் கோப்பில் அந்த ஒரு ஆளை மட்டும் பின்தொடர்ந்து மறுபடி படித்தேன். ஐந்து பேர் ஆனதிலிருந்து அவர் ஸ்மால் பிளைண்டில் இருந்த கைகளில், தனக்கு முன்னால் எல்லோரும் ஃபோல்ட் ஆகிவிட்டபோதும் பெரும்பாலும் அவரும் ஃபோல்ட்தான் பண்ணியிருக்கிறார். ஆல்-இன் போட்டுச் சீட்டைக் காட்டிய இன்னொரு கை ஜோடி ஆறு. இவர் எதை வேண்டுமானாலும் வைத்து அடிக்கிறவர் இல்லை. மேல்தட்டு 30 சதவீதக் கைகளை வைத்து அடிக்கிறார் என்று வைத்துக்கொண்டால் அதற்கு எதிரே ஏஸ்-10 ஐம்பது சொச்சத்தில் நிற்கும். தேவை 62.

ஃபோல்ட்.

அதே இடத்தில் நீங்கள் ஸ்மால் பிளைண்டில் இருந்து, அவர் பிக் பிளைண்டில் இருந்தால் நானே உங்களை ஆல்-இன் போடச் சொல்லியிருப்பேன், ஏஸ்-10 இல்லை, கிங்-9க்கே. அடிப்பவருக்கு ஜெயிக்க இரண்டு வழி, எதிராளி ஃபோல்ட் ஆகலாம், இல்லையென்றால் சீட்டு நிற்கலாம். கால் பண்ணுகிறவருக்குச் சீட்டு நின்றே ஆக வேண்டும்.

நவம்பர் 12, புதன்

வேலை இருந்தது, தாமதம். இந்த நோட்டு நீளமாகப் போகும், ஏனென்றால் எனக்கு உண்மையில் வருத்தம் தந்த பகுதி இது.

பரிசு உறுதியானது, மூன்று பேர் மிச்சம், நம் நண்பரிடம் 6750, மொத்தத்தில் பாதி. பிளைண்ட் 200/400. டேபிளிலேயே பெரிய ஸ்டாக், அதாவது சிப் குவியல். அடுத்த ஒன்பது கைகள், அதாவது மூன்று சுற்று. ஒன்பதும் ஃபோல்ட். ஒரு கையில் கூட ஃப்ளாப் பார்க்கவில்லை. ஒரு சுற்றுக்கு 600 வீதம் 1800 போய்விட்டது. 6750 இருந்தது 4950 ஆனது. கால்வாசிக்கு மேல், ஒரு சண்டையும் இல்லாமல்.

சீட்டு வரவில்லை என்கிறார். வந்திருக்கிறது. பட்டனில், அதாவது சீட்டுப் பகிர்பவரின் இடத்தில், ஏஸ்-4, ஃபோல்ட். பட்டனில் கிங்-8 ஒரே நிறம், ஃபோல்ட். ஸ்மால் பிளைண்டில் ஜாக்-10, பட்டன் ஏற்கெனவே ஃபோல்ட் ஆகிவிட்டார், எதிரே ஒரே ஆள், அதுவும் ஃபோல்ட். மூன்று பேர் ஆடும்போது ஏஸ்-4 நல்ல கை. ஒன்பது பேர் டேபிளில் தூக்கிப் போடும் அதே சீட்டு இங்கே வேறு சீட்டு.

எனக்கு மிகவும் உறுத்தியது பிக் பிளைண்ட் கை. பட்டன் 800க்கு உயர்த்துகிறார், ஸ்மால் பிளைண்ட் ஃபோல்ட். நண்பரிடம் இஸ்பேடு 9-7. நடுவே சேர்ந்திருக்கும் பந்தயம் 800, 200, அவரே போட்ட 400, மொத்தம் 1400. இன்னும் 400 போட்டால் ஃப்ளாப் பார்க்கலாம். 400ஐ 1800ஆல் வகுத்தால் 22 சதவீதம், அவ்வளவு தடவை ஜெயித்தாலே நஷ்டமில்லை. எதிராளியிடம் ஏஸ்-கிங்கே இருந்தாலும் அந்த 9-7 ஏறக்குறைய 40 சதவீதம் ஜெயிக்கும். முதலில் பேச வேண்டிய இடத்தில் இருக்கிறோம், அந்த 40ம் முழுசாகக் கைக்கு வராது, ஒப்புக்கொள்கிறேன். பாதி வந்தாலே கணக்கு கிட்டத்தட்ட சரியாகிவிடுகிறது, அதற்கு மேலேயே வரும்.

இந்த ஒன்பது கைகளில் எதையும் யாரும் யாரிடமும் சொல்லிப் புலம்புவதில்லை. ஃபோல்ட் வலிக்காது. ரிவர் ஜாக் வலித்தது, அதனால் அதை அனுப்பினார்.

நவம்பர் 12, இரவு

அவர் பதில்: "பரிசு உறுதியானதும் இருப்பதைக் காப்பாற்ற வேண்டும் என்று தோன்றியது."

நேர்மையான பதில். நாலு பேர் இருந்தபோதுதான் காப்பாற்ற வேண்டியிருந்தது, அப்போது துணிந்து கால் பண்ணினார். மூன்று பேர் ஆனதும் எல்லோருக்கும் 20 உறுதி, இனி சண்டை மேலே இருக்கும் 50க்கும் 30க்கும், அப்போது ஒதுங்கினார். பயம் தவறான பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. இதைச் சரிசெய்ய முடியும், ஏனென்றால் இது குணம் இல்லை, எந்தக் கட்டத்தில் எதற்கு மதிப்பு என்று தெரியாததுதான்.

நவம்பர் 14

எந்தத் தளத்தில் காசு கட்டி ஆடலாம் என்று தனிச்செய்தியில் கேட்கிறீர்கள். இந்தியாவில் இருப்பவர்களுக்கு என் பதில் ஒன்றே: முடியாது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் காசு வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டு எல்லாவற்றையும் தடை செய்கிறது, திறமை ஆட்டமா அதிர்ஷ்ட ஆட்டமா என்ற பழைய வழக்கு அங்கே எடுபடாது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் அதிர்ஷ்ட ஆட்டம் இல்லை என்று சொல்லி மாநிலச் சட்டத்தின் அந்தப் பகுதியை நீக்கியதே என்று ஒருவர் எழுதினார். நீக்கியது உண்மைதான். மத்தியச் சட்டம் அதற்குப் பிறகு வந்தது.

விபிஎன், வெளிநாட்டுக் கணக்கு என்று வழி கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். நான் டொரன்டோவில் இருக்கிறேன், ஒன்டாரியோவில் 2022 ஏப்ரலிலிருந்து உரிமம் பெற்ற தளங்கள் உண்டு, 19 வயது ஆகியிருக்க வேண்டும். அங்கேயும் நான் சின்னத் தொகைக்குத்தான் ஆடுகிறேன். ஆன்லைன் ரம்மியில் கடன்பட்டு உயிரை விட்டவர்களின் செய்தியைத் தமிழ்நாட்டில் எல்லோரும் படித்திருக்கிறோம், நீதிபதி சந்துரு குழுவை அரசு 2022ல் அமைத்ததே அதனால்தான். நான் இங்கே எழுதும் கணக்கு எதுவும் கடன் வாங்கி ஆடுகிறவரைக் காப்பாற்றாது. அந்த நிலையில் இருப்பவர் ஹேண்ட் ஹிஸ்டரி அனுப்ப வேண்டாம், ஆட்டத்தை நிறுத்திவிட்டு வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள்.

இலவச சிப்பில் கற்றுக்கொள்ள முடியுமா என்றால், முடியும். ஐசிஎம் கணக்குக்கு சிப்பா டாலரா என்பது தெரியாது.

நவம்பர் 16, ஞாயிறு

எப்படிப் படிப்பது என்று பலர் கேட்டதால் என் பழக்கத்தைச் சொல்கிறேன். ஆட்டம் முடிந்த இரவில் கோப்பைத் திறக்கவே மாட்டேன். மறுநாள் காலையில், இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை, ஸ்கார்பரோவில் இருக்கும் என் மைத்துனரோடு உட்காருவேன். அவர் என் கோப்பைப் படித்துக் காட்டுவார், நான் அவருடையதை. நிபந்தனை ஒன்றுதான், எதிராளியின் சீட்டையும் முடிவையும் வாசிக்கக் கூடாது. "நீ பட்டன், உன்னிடம் 15 பிக் பிளைண்ட், ஏஸ்-6, என்ன செய்வாய்?" அவ்வளவுதான். பதில் சொன்ன பிறகு நான் உண்மையில் என்ன செய்தேன் என்று வாசிப்பார். இரண்டும் வேறாக இருந்தால் அதில் நிற்போம். யார் ஜெயித்தார்கள் என்பது கடைசி வரை வராது, சில கைகளில் நாங்கள் அதைப் பார்க்கவே மறந்துவிடுவோம்.

முடிவு தெரிந்துவிட்டால் மனம் வக்கீல் ஆகிவிடுகிறது. ஜெயித்த கைக்கு ஒரு வாதம், தோற்ற கைக்கு ஒரு வாதம்.

மைத்துனர் ஃபோல்ட் பண்ணிய கைகளில் மட்டும் ஆரம்பிப்பார், நான் பிக் பிளைண்டில் ஆரம்பிப்பேன். எது மேல் என்று எங்களுக்குள் இன்னும் தீரவில்லை. புதிதாகத் தொடங்குகிறவருக்கு அவர் வழி நல்லது என்று இப்போது நினைக்கிறேன், கோவை நண்பரின் கோப்பைப் பார்த்த பிறகு.

நவம்பர் 17

மைத்துனரோடு அந்தக் கோப்பை மறுபடி திறந்தபோது அவர் ஒன்றைக் கவனித்தார், நான் கவனிக்கவில்லை.

கடைசிக் கையில் ஏஸ்-ஜாக் வைத்திருந்தவரிடம் 5100. மூன்றாமவரிடம் 3450. நம் நண்பரிடம் 4950. வித்தியாசம் 150 சிப்.

பட்டனில் அந்த ஏஸ்-4ஐ அடித்து இரண்டு பிளைண்டையும் தூக்கியிருந்தால் 600 கூடுதல். இஸ்பேடு 9-7 வேண்டாம், ஜாக்-10 வேண்டாம், அந்த ஒரு கை போதும். ரிவரில் அதே ஜாக் வந்திருந்தாலும் அவர் வெளியே போயிருக்க மாட்டார். கொஞ்சம் சிப் மிஞ்சியிருக்கும், மூன்றாமவரும் பெரிய ஆள் இல்லை, இரண்டாம் இடத்துக்கு வழி இருந்திருக்கும். 8ஆம் தேதி "அந்தக் கையில் தப்பில்லை" என்று எழுதியதை மாற்றவில்லை, ஆனால் அந்தக் கைக்கு அவர் எவ்வளவு சிப்போடு வந்தார் என்பதை அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

நவம்பர் 18

"ஏஸ்-ஜாக்காரன் கால் பண்ணியது முட்டாள்தனம் இல்லையா?" இல்லை. மூன்று பேர் ஆடும்போது, பட்டனிலிருந்து 12 பிக் பிளைண்ட் ஆல்-இன்னுக்கு ஏஸ்-ஜாக் நல்ல கால். அவர் இடத்தில் நானும் பண்ணுவேன். சாட்டில் அவரைத் திட்டியதையும் கோப்பில் பார்த்தேன், அது வேண்டாம்.

நவம்பர் 21

நண்பர் புதிய கோப்பு ஒன்று அனுப்பியிருக்கிறார், இந்த முறை ஆட்டம் எப்படி முடிந்தது என்று எழுதாமலேயே. நல்லது, அப்படியே இருக்கட்டும்.

அவர் குறித்திருக்கும் கை: நாலு பேர் மிச்சம், அவர் ஸ்மால் பிளைண்ட், 11 பிக் பிளைண்ட், ஏஸ்-9. பட்டனில் இருக்கும் ஆளிடம் வெறும் 2 பிக் பிளைண்ட், அவர் ஃபோல்ட். பிக் பிளைண்டில் பெரிய ஸ்டாக். நண்பர் ஃபோல்ட் பண்ணியிருக்கிறார், "2 பிபி ஆள் முதலில் போகட்டும்" என்று காரணம் எழுதியிருக்கிறார். காரணம் பிடித்திருக்கிறது. சென்ற கோப்பில் இல்லாத யோசனை அது. ஆனால் அந்தப் பெரிய ஸ்டாக் ஆல்-இன்னுக்கு எவ்வளவு அகலமாகக் கால் பண்ணுகிறவர் என்று தெரியாமல் என்னால் ஃபோல்ட் சரி என்று சொல்ல முடியாது. அவர் இறுக்கமான ஆளாக இருந்தால் ஏஸ்-9ஐ அடிப்பதுதான் நல்லது, 2 பிபி ஆள் இருந்தாலும். அவர் பிக் பிளைண்டில் இருந்த முந்தைய கைகளை மட்டும் தனியாக எடுத்து அனுப்புங்கள், ஞாயிற்றுக்கிழமை மைத்துனர் வரும்போது பார்க்கிறோம்.